ஏரிக்கு நாலு பர்மிஷன்

"மொதல்ல கேமராவ மூடுங்க" என்றார் காக்கிச் சட்டை போட்டவர்.

தர்மன் அப்போதுதான் ஸ்டாண்டின் மூன்று கால்களையும் ஏரிக்கரையில் ஊன்றி, கேமராவை அதன் தலையில் வைத்துத் திருகி முடித்திருந்தான். எதிரே கீழக்குடி ஏரி முட்ட முட்ட நின்றது. அந்த வருஷம் ஐப்பசியில் வெளுத்து வாங்கிய மழையில், அரியலூர்ப் பக்கம் குளம் எது, ரோடு எது என்று பஸ் டிரைவர்களே இறங்கிப் பார்த்துதான் வண்டியை எடுத்தார்கள்.

"போட்டோதாங்க எடுக்குறேன்."

"அதான் கேக்குறேன். பர்மிஷன் இருக்கா?"

"ஏரியப் போட்டோ எடுக்கவா பர்மிஷன்?"

"ஏரிய யாருய்யா கேட்டா? அதுல நிக்குதே, அது என்னா?"

"நாரைங்க."

"அது கவர்மெண்ட் நாரை."

தர்மன் நாரையைப் பார்த்தான். அது ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, கவர்மெண்ட் என்ற நினைப்பே இல்லாமல் மீன் பார்த்துக்கொண்டிருந்தது.

காக்கிச் சட்டைக்காரர் பெயர் அரியமுத்து. பறவைகளைக் காக்கிற ஆபீஸின் வாச்சர். கெட்டவர் இல்லை. கேட்காமலே விவரம் சொல்கிற ஆள்.

"சாதா கேமரான்னா ஒரு டிக்கெட்ட வாங்கிட்டு எடுத்துக்கலாம். ஸ்டாண்டு வச்சீங்கன்னா அது தொழிலு. தொழிலுக்கு கட்டணம் வேற."

"அவ்வளவுதானே?" தர்மன் மளமளவென்று கேமராவைக் கழற்றி ஸ்டாண்டை மடக்கினான். "கையில புடிச்சே எடுத்துக்குறேன். டிக்கெட்ட குடுங்க."

"இந்தாங்க. ஆமா, எதுக்கு எடுக்குறீங்க?"

"காலண்டருக்குங்க."

அரியமுத்து நீட்டிய டிக்கெட்டைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார். "காலண்டரா! அது வியாபாரம்ல? வியாபாரத்துக்கு நான் டிக்கெட்டு குடுக்க முடியாதுப்பா. பெரம்பலூர் ஆபீசுக்குத்தான் போவணும்."

வாயை மூடிக்கொண்டு ஒரு க்ளிக் அடித்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் தர்மனுக்கு அந்தக் காலண்டரைப் பற்றி யாராவது கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவான்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம், வீட்டு முன்னறையில் தர்மன் ஸ்டூடியோ வைத்து இருபது வருஷம் ஆகப்போகிறது. ரேஷன் கார்டுக்கு, பாஸ்போர்ட்டுக்கு, காதுகுத்துக்கு, மஞ்சள் நீராட்டுக்கு, நாற்காலியில் உட்காரவைத்த பிணத்துக்கு என்று அவன் எடுக்காத படம் கிடையாது. ஒன்றிலாவது 'படம்: தர்மன்' என்று இருந்ததில்லை. பிணத்தின் படத்தில் பேர் போட முடியாதுதான். அது அவனுக்கும் தெரியும்.

அப்படிப்பட்டவனுக்கு வந்து வாய்த்தது ஹுமாயூன் பாயின் காலண்டர்.

பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். சவுதியில் இருந்து திரும்பி வந்து அரியலூரில் சிமெண்டு, கம்பிக் கடை வைத்திருந்தார். வருஷா வருஷம் காலண்டர் போடும்போது அவருக்குத் தலைவலி. சாமி படம் போட்டால் அவர் ஊர்க்காரர்கள் மாட்ட மாட்டார்கள். மசூதி போட்டால் பாதி கொத்தனார்கள் மாட்ட மாட்டார்கள். ஒரு வருஷம் நடிகை படம் போட்டார். அவர் மனைவி ரஷீதா, அந்த மூட்டையை வீட்டு வாசப்படி ஏறவே விடவில்லை.

"இந்த வருசம் ஏரி, தர்மா. நம்ம பக்கத்து ஏரி" என்று முடிவாகச் சொன்னார் பாய். "தண்ணி எல்லாருக்கும் பொது பாரு. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"பாய், படத்துக்குக் கீழ என் பேரு..."

"போட்டுருவோம்ப்பா. சின்னதா போட்டுருவோம். ஆனா கார்த்திகை முடியறதுக்குள்ள படம் சிவகாசி போய்ச் சேரணும். இல்லாட்டி அவனுங்க ஆல்பத்துல கெடக்குற சுவிச்சர்லாந்தப் போட்டு அடிச்சு அனுப்பிருவானுங்க."

அன்றைக்கே தர்மன் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டான். மனைவி மலர்கொடி நம்பவில்லை.

"உங்க பேரையா? காலண்டர்லயா? எங்கண்ணன் பேரு ரைஸ்மில் போர்டுலயே இருக்கு. அதயே அவுரு பீத்திக்கறதில்ல."

"அது ஓனரு பேரும் உங்கண்ணன் பேரும் ஒண்ணா இருக்கறதால இருக்குடி. அவுரு அங்க மூட்டதான தைக்கிறாரு."

"மூட்ட தச்சாலும் பேரு இருக்குல்ல?"

இதற்கு மேல் பேச்சில்லை. பேர் வந்தால்தான் பேச்சு.

பெரம்பலூரில் பறவை ஆபீஸைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, அப்புறம் வேண்டாமென்று மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்ட சமயம் அது. ஆபீஸ் போர்டு ஒரு ஊரில் இருக்கும், ஆபீசர் இன்னொரு ஊரில் இருப்பார், பீரோ சாவி நடுவழியில் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்.

ஆபீசர் தர்மனின் மனுவைப் பொறுமையாகப் படித்தார்.

"நாரை எங்களுது. அதுல சந்தேகமே இல்ல. எங்க கட்டணத்தக் கட்டிடுங்க. ஆனா நாரை எதுல நிக்குது?"

"தண்ணியில சார்."

"தண்ணி எங்களுது இல்லியே. அது வேற ஆபீஸ். அவங்க ஆட்சேபணை இல்லன்னு எழுதித் தரணும்."

தர்மன் கொஞ்சம் யோசித்தான். "சார், நாரை பறக்கும்போது எடுத்தா?"

"பறந்தா எங்க ஆபீஸ் மட்டும். நின்னா ரெண்டு ஆபீஸ்."

"அப்ப பறக்கறப்பவே எடுத்துக்குறேன் சார்."

"பறக்க வைக்கறதுக்குக் கல்லு கில்லு எறிஞ்சீங்கன்னா கேஸ் ஆயிடும்."

தர்மன் நாரைக்குக் கட்டணத்தைக் கட்டிவிட்டு தண்ணி ஆபீஸுக்குப் போனான்.

அங்கே சசிகலா மேடம் இருந்தார்கள். மனசார உதவி செய்கிற அம்மா. எல்லா டிராயரையும் இழுத்துத் தேடினார்கள்.

"ஏரியில போட்டோ எடுக்கறதுக்குன்னு ஃபாரமே இல்லீங்களே. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"கேக்காம எடுத்துட்டுப் போயிருப்பாங்க மேடம்."

"கேட்டுட்டீங்களே! இனிமே ஃபாரம் இல்லாம விட முடியாதுங்களே." மேடம் இன்னொரு கட்டைப் பிரித்தார்கள். "ஏரியிலேருந்து எடுக்கறதுன்னா எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. வண்டல் மண்ணு எடுக்கற ஃபாரம். அதுலயே போட்டுரலாமா?"

"எதுலயாவது போடுங்க மேடம். எனக்குப் படம் எடுத்தா சரி."

"பேரு தர்மன். ஊரு அரியலூர். எத்தனை வண்டி?"

"வண்டியா? ஒரே ஒரு போட்டோ மேடம்."

"ஒரு வண்டின்னு போட்டுக்கறேன். எவ்வளவு ஆழத்துல?"

"மேலாப்புலதான் மேடம்."

"எடுத்த எடத்துல பள்ளம் விழாம சமன் செஞ்சு குடுக்கணும். சரிங்களா?"

"போட்டோ எடுத்தா பள்ளம் விழாது மேடம்."

"விழாதுன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போடுங்க."

தர்மன் எழுதினான். 'நான் போட்டோ எடுப்பதால் ஏரியில் பள்ளம் விழாது என்று உறுதி கூறுகிறேன்.' எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, ஒருவேளை விழுமோ என்று அவனுக்கே சின்னச் சந்தேகம் வந்தது.

ஒரு வண்டி மண்ணுக்கான கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு கீழக்குடி பஸ்ஸைப் பிடித்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பேப்பரை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். தர்மன் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் மடித்துப் பையில் வைத்திருப்பான்.

கீழக்குடியில் அவன் இறங்கி ஏரிக்கரைக்கு நடப்பதற்குள் சேதி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அரியலூரில் இருந்து ஒருத்தன் ஏரி மண்ணை அள்ள ஆர்டர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்! கரையில் ஒரு கூட்டம் நின்றது. முன்னால் ஊராட்சித் தலைவர் அன்பழகன், துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு.

"எங்கய்யா டிராக்டரு?"

"டிராக்டரா? நான் பஸ்ஸுல வந்தேங்க."

"அப்ப பின்னாடி வருதா?"

"தலைவரே, நான் மண்ணு எடுக்க வரல. போட்டோ எடுக்க வந்தேன்."

தலைவர் பேப்பரை வாங்கிப் படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவரும் படித்தார்.

"ஒரு வண்டின்னு போட்டுருக்கு. ஒரு வண்டி போட்டோ எடுப்பியா நீயி?"

"ஃபாரம் அப்படிங்க!"

"ஃபாரத்துல அப்படி இருந்தா மண்ணுக்குத்தான வந்துருக்க? ரொம்பிக் கெடக்குற ஏரியில எவனாவது மண்ணு எடுப்பானா? கொஞ்சமாவது வெவரம் வேணாம்?"

"அதத்தான் நானும் சொல்றேன்!"

ஒரு வழியாக நம்பவைப்பதற்குள் தர்மன் கேமராவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, உள்ளே மண் இல்லை என்று காட்டும் அளவுக்குப் போய்விட்டான். தலைவர் சாந்தமானார். ஆனால் சாந்தமானதும்தான் அவருக்கு யோசனை வர ஆரம்பித்தது.

"சரிப்பா, போட்டோதான். எங்க நின்னு எடுப்ப?"

"கரையிலதாங்க."

"கரை பஞ்சாயத்துது. நீ பாட்டுக்கு ஸ்டாண்ட ஊனுனா? தரைவாடகை ரசீது போட்டுத்தான் ஊனணும்."

பஞ்சாயத்தில் இருந்தது சந்தை ரசீதுப் புத்தகம் ஒன்றுதான். ரசீது போடுகிறவர் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தார். காய்கறிக் கடைக்கு ஒரு கட்டணம், கூடைக்கு ஒரு கட்டணம், மாட்டுக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று. ஸ்டாண்டுக்கு இல்லை.

"தலைவரே, எதுல எழுதறது?"

"அதுக்கு எத்தனை காலு?"

"மூணுங்க."

"ஆட்டுக் கணக்குல எழுது. ஒரு காலு கொறைச்சலாத்தான இருக்கு, பரவால்ல."

'ஆடு 1, தர்மன், அரியலூர்' என்று எழுதிய ரசீதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு தர்மன் நிமிர்ந்தான். மீன் குத்தகைதாரர் செல்லதுரை நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாரும் பேசிட்டீங்களா? தண்ணிக்குள்ள இருக்கறது பூரா நான் ஏலத்துல எடுத்தது. அத யாரு கேக்கறது?"

"அண்ணே, நான் மேலதான் எடுக்கறேன். உள்ள எடுக்கல."

"மீனு துள்ளுனா?"

தர்மன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். "துள்ளுனா அந்தப் படத்த வேணாம்னு போட்டுடறேண்ணே. உங்க மீனு ஒண்ணுகூட என் காலண்டருக்கு வராது."

செல்லதுரையும் சம்மதித்தார். நாலு பேரும் சம்மதித்ததில் தர்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் ஒவ்வொருத்தரும் தங்கள் நிபந்தனையைச் சொன்னார்கள். படத்துக்கு அடியில் அனுமதி கொடுத்தவர்கள் பேர் வரவேண்டும். எடுக்கும்போது ஒவ்வொரு தரப்பிலிருந்தும் ஓர் ஆள் கூடவே இருந்து பார்க்க வேண்டும்.

ஹுமாயூன் பாய் கடையில் இதைச் சொன்னபோது, அவர் சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நாலு பேரு பேரா? யா அல்லா! காலண்டரு யாரு போடுறா தர்மா, நானா, கலெக்டரா? என் கடை பேரு எங்கப்பா போடுறது?"

"கடை பேரு மேல பெருசா வந்துரும் பாய். நாலு பேரும் அதுக்குக் கீழ. அதுக்கும் கீழ என் பேரு."

"எடம் இருந்தா போட்டுருவோம், இன்ஷா அல்லா. நீ மொதல்ல படத்தக் கொண்டாப்பா. சிவகாசிக்காரன் காலையில போன் பண்ணிட்டான். சுவிச்சர்லாந்து ரெடியா இருக்காம்."

படம் எடுக்கும் நாளும் வந்தது. கார்த்திகைப் பனி, கையை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. விடியற்காலை முதல் பஸ்ஸில் தர்மன் வந்து சேர்ந்தபோது, கரையில் நாலு உருவம் மங்கலாக நின்றது. அரியமுத்து, சசிகலா மேடம், தலைவர், செல்லதுரை. மேடம் தலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு ஃப்ளாஸ்கில் காப்பியும் கொண்டுவந்திருந்தார்கள். ஏதோ பிக்னிக் மாதிரிதான் இருந்தது, தர்மனைத் தவிர மற்றவர்களுக்கு.

தர்மன் ஸ்டாண்டை ஊன்றினான். கேமராவில் கண்ணை வைத்தான். பனிக்கு நடுவே ஏரி வெள்ளித் தட்டு மாதிரி தெரிந்தது. ஓரத்தில் பழைய மதகு.

"எடுத்துரட்டுங்களா?"

"இருங்க, நான் பாக்கறேன்" என்று மேடம் வந்து கண்ணை வைத்தார்கள். "ஐயோ, மதகு தெரியுதே! மதகு வரவே கூடாதுங்க."

"ஏன் மேடம்? அழகா இருக்கே."

"பாதுகாப்புங்க. அதோட அந்த மதகுப் பலகைக்குப் போன வருசமே பெயிண்ட் அடிச்சாச்சுன்னு எழுதியிருக்கோம்."

தர்மன் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கரையோடு கொஞ்சம் நடந்து, கேமராவை இடப்பக்கம் திருப்பினான். மதகு போனது. ஏரி நடுவில் இருந்த கருவேல மரங்கள் வந்தன. மரம் முழுக்க நாரை.

"ஆங், அது ஆவாது" என்றார் அரியமுத்து. "கூடு தெரியுதுல்ல? காலண்டர்ல கூடு வந்தா வேட்டைக்காரனுக்கு எடம் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். எனக்கு மெமோ வந்துரும்."

"நாரைக்குத்தானே பணம் கட்டுனேன்?"

"நாரைக்குத்தான். கூட்டுக்குக் கட்டலியே."

தர்மன் இன்னும் கொஞ்சம் நடந்தான். கரை வளைந்து வளைந்து போனது. ஸ்டாண்டை ஊன்றி இன்னும் கொஞ்சம் திருப்பினான். இந்த முறை தலைவர் பாய்ந்து வந்தார்.

"தம்பி தம்பி, படித்துறை தெரியுது பாரு."

"எங்கங்க தலைவரே? ரெண்டு படிதான் தெரியுது."

"அதான் சொல்றேன். அது பன்னெண்டு படிப்பா."

"மீதிப் படி எங்க?"

"பேப்பர்ல இருக்கு. நீ அந்தாண்ட திருப்பு."

திருப்பினான். செல்லதுரையின் வலை தெரிந்தது. அவர் சொல்வதற்கு முன்பே தர்மன் கேட்டுவிட்டான். "வலை வரக்கூடாதாண்ணே?"

"கண்ணி சின்னது. இந்த மாதிரி வலை போடக்கூடாதும்பாங்க. நீயே வெளிச்சம் போட்டுக் காட்டுவியா?"

மறுபடி நடை. மறுபடி திருப்பம். ஓரிடத்தில் வலை மறைந்தால் மதகு வந்தது. மதகு மறைந்தால் கூடு வந்தது. பனியில் முன்னே போகிறோமா பின்னே போகிறோமா என்பதே தர்மனுக்குப் பிடிபடவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். கேமராவில் இருந்து கண்ணை எடுத்தால் தலை சுற்றியது. ரோல் ஒன்று இருக்கிறது, ஒரு படம்கூட இன்னும் எடுக்கவில்லை. சிவகாசியில் சுவிட்சர்லாந்து தயாராக நிற்கிறது. ரைஸ்மில்லில் மச்சான் பேர் போர்டில் தொங்குகிறது.

"சாமி, எதுதான் வரலாம்னு சொல்லுங்களேன்!" என்று கத்தியே விட்டான்.

"அத எப்படிங்க நாங்க சொல்றது?" என்றார்கள் மேடம், வருத்தத்தோடு. "எது வரக்கூடாதுங்கறதுதானே எங்க வேலை."

தர்மன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டாண்டை இன்னொரு திருப்பு திருப்பி ஊன்றினான்.

அதற்குள் பனி கொஞ்சம் விலகியது. கேமராவுக்குள் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். கண்ணாடி மாதிரி தண்ணீர். தூரத்தில் ஓர் ஒற்றைப் பனை, அதன் நிழல் தண்ணீரில் தலைகீழாக. நாலைந்து கொக்கு. அங்கங்கே கோரை மாதிரி பச்சைப் பச்சையாய் நுனிகள். வேறு ஒன்றுமில்லை. இருபது வருஷத்தில் இப்படி ஒரு காட்சி அவன் கேமராவுக்குள் வந்ததே இல்லை.

"வந்து பாருங்க" என்றான் மெதுவாக. பயம்தான்.

மேடம் பார்த்தார்கள். "மதகு இல்ல. எடுத்துக்கங்க."

அரியமுத்து பார்த்தார். "கூடு இல்ல. கொக்குக்கு நாரைப் பணத்துலயே சரிபண்ணிக்கலாம். எடுங்க."

தலைவர் பார்த்தார். "படி இல்ல. அடி."

செல்லதுரை பார்த்தார். "வலையும் இல்ல, மீனும் இல்ல. சரி."

க்ளிக். பனை அசைந்துவிட்டதோ என்று இன்னொரு க்ளிக். அப்புறம் சந்தோஷத்தில் ரோல் தீரும்வரை க்ளிக்.

திருச்சி லேபில் கழுவிப் பிரிண்டு போட்டவன், இது எந்த ஊர் என்று கேட்டான். ஹுமாயூன் பாய் படத்தைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

"மாஷா அல்லா! சவுதியில கெடந்தப்ப கண்ண மூடுனா இப்படித்தான் தர்மா தண்ணி தெரியும்" என்றார். "அனுப்பு. சுவிச்சர்லாந்து வேணாம்னு சொல்லிரு."

மார்கழிப் பாதியில் காலண்டர் மூட்டை வந்து இறங்கியது. தர்மன் கடைக்கு ஓடிப்போய் முதல் காலண்டரை உருவி, பிரித்துக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனான். மலர்கொடியைக் கூப்பிட்டு, சுவரில் மாட்டி, தள்ளி நின்று பார்த்தான்.

ஏரி அழகாக இருந்தது. மேலே கடைப் பேர். படத்துக்கு அடியில் 'கீழக்குடி ஏரி, அனுமதி வழங்கியோர்' என்று நாலு பேரும் வரிசையாக. அதற்கும் கீழே தினசரித் தேதிக் கட்டு.

"உங்க பேரு எங்கங்க?" என்றாள் மலர்கொடி.

தர்மன் கிட்டே போனான். தேதிக் கட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தான். அடியில் பொடி எழுத்தில் இருந்தது. 'படம்: தர்மன், அரியலூர்.' அதன் மேலேயே தேதிக் கட்டை வைத்துக் கம்பி அடித்துவிட்டார்கள்.

மலர்கொடிக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. "பரவால்லங்க. தெனம் ஒண்ணாக் கிழிச்சுட்டே வந்தா டிசம்பர் மாசக் கடைசியில தெரிஞ்சுரும். அன்னைக்கு எங்கண்ணன வரச்சொல்லிக் காட்டிக்கலாம்."

தர்மன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் படத்துக்குப் பேர் வந்துவிட்டது. பறவை ஆபீஸில் மாட்டினார்கள். தண்ணி ஆபீஸில் சசிகலா மேடம் சீட்டுக்கு நேரே மாட்டினார்கள். தலைவர் கீழக்குடி டீக்கடையில் மாட்டவைத்து, "நம்ம ஏரிய எப்புடி வச்சிருக்கோம், பாத்தியா?" என்று டீ குடிக்க வந்தவர்களை எல்லாம் கேட்டார். அரியமுத்து ஸ்டூடியோவுக்கே வந்து, தெனமும் அதே ஏரியத்தான் பாக்கறேன், இவ்வளவு லட்சணமா ஒரு நாளும் தெரிஞ்சதில்ல என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் எடுத்தவன் பேரைக் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள், ஸ்டூடியோ வாசலில் ஒருவர் வந்து செருப்பைக் கழற்றினார். வெயிலில் காய்ந்த முகம். கையில் சுருட்டிய காலண்டர்.

"தர்மன்ங்கறது..."

"நான்தாங்க. வாங்க, உக்காருங்க. பாஸ்போர்ட் சைஸா?"

"அதில்லீங்க. என் பேரு பெரியசாமி, கீழக்குடி. இந்தப் படத்த எடுத்தது நீங்கதான?"

தர்மனுக்குப் புரியவில்லை. "ஆமாங்க. எப்படித் தெரிஞ்சுது?"

"யாரு எடுத்தான்னு டீக்கடையில கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. அப்பறம் தேதிக் கட்டப் பிச்சுப் பாத்தேங்க. அடியில உங்க பேரு இருந்துச்சு."

தர்மன் எழுந்து நின்றுவிட்டான். ஒரு மனுஷன், ஒரு வருஷத் தேதியை மொத்தமாகப் பிய்த்துவிட்டு, அவன் பேரைத் தேடியிருக்கிறான்!

"உள்ள வாங்கண்ணே! காப்பி சொல்லட்டுமா? ஏ மலரு, இங்க வந்து பாரேன்!"

"காப்பி வேணாங்க. இந்தப் படம் பெருசா ஒரு காப்பி கெடைக்குமா?"

"ஒண்ணு என்ன, ரெண்டா தரேன். என் பேரப் பெருசா எழுதியே தரேன்."

"உங்க பேரு இல்லாட்டியும் பரவால்லீங்க. அனுமதி குடுத்தவங்கன்னு நாலு பேரு போட்டுருக்குதுல்ல, அது மட்டும் தெளிவாத் தெரியணும். என்னைக்கு எடுத்ததுன்னு தேதியும் போட்டு, கையெழுத்தும் போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்."

தர்மனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படத்தைக் கேட்கிறார், எடுத்தவன் பேர் வேண்டாம் என்கிறார், ஆபீஸ்காரர்கள் பேர் வேண்டும் என்கிறார். சரி, ஊர்ப் பாசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"அந்த ஏரி மேல அவ்வளவு பிரியமாண்ணே உங்களுக்கு?"

பெரியசாமி காலண்டரை மேசைமேல் விரித்து, ஒற்றைப் பனையின் மேல் விரலை வைத்தார்.

"ஏரி அன்னைக்கு உங்க முதுகுக்குப் பின்னாடிதாங்க இருந்துச்சு. இது, பொட்டுத் தண்ணிகூட ஏறல, வெள்ள நெவாரணம் கெடையாதுன்னு ஆபீசுல எழுதி வச்சிருக்காங்களே, அந்த என் நெல்லு வயலு."